நம்பர் பலகை சொல்லுமா நியாயம்?

நீலகிரி மலைக்கு மோட்டாரில் ஏற வேண்டுமானால் முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி ஆகியோர் 2024 ஏப்ரல் 29ஆம் தேதி பிறப்பித்த அந்த உத்தரவு மே 7ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஒரே விதி. 'இ-பாஸ்' என்று அதற்குப் பெயர். முதல் ஆண்டில் கேட்டவர்களுக்கெல்லாம் சீட்டு கிடைத்தது. 2025ஆம் ஆண்டு கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஜூன் முடிய ஊட்டிப் பக்கம் சாதாரண நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள். அதற்கு மேல் இல்லை. சர்க்கார் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இந்த விதி கிடையாது. உள்ளூர் வண்டிகளுக்கும் கிடையாது.

உள்ளூர் வண்டி என்றால் எது? கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

ஊட்டிப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகி, நம்பர் பலகையில் டி.என். 43 என்று எழுதியிருந்தால் அது உள்ளூர் வண்டி. டி.என். 38 என்றால் கோவை. 39 என்றால் திருப்பூர். 40 என்றால் மேட்டுப்பாளையம். இவையெல்லாம் வெளியூர் வண்டிகள். பலகையைப் பார்; 43 என்றால் விடு; வேறு என்றால் நிறுத்திச் சீட்டைக் கேள். சோதனைச் சாவடியில் மழையில் நிற்கும் சிப்பந்திக்கு இதைவிடச் சுலபமான விதியை யாரும் செய்து கொடுக்க முடியாது. ஆனால் சுலபமான விதியெல்லாம் நியாயமான விதி ஆகிவிடுமா?

"கார் வைத்திருப்பவர்களின் தலைவலி இது, நமக்கென்ன?" என்று கோவை மில் தொழிலாளியும் சமவெளியில் வயலில் இறங்கும் விவசாயத் தொழிலாளியும் நினைத்துவிட வேண்டாம். உங்கள் ஆலை வாசலை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். மானேஜரின் காருக்கு வாசலை ஒட்டிக் கூரை போட்ட ஷெட். குமாஸ்தாவின் மோட்டார் சைக்கிளுக்கு அதற்கடுத்த இடம். நிரந்தரத் தொழிலாளிக்குத் தகரக் கொட்டகைச் சைக்கிள் ஸ்டாண்டு. காண்டிராக்ட் தொழிலாளிக்கு? வாசலுக்கு வெளியே, மதிலோரம், வெயிலில். நான்கு பேரும் அதே ஆலையில்தான் வேலை செய்கிறார்கள். காண்டிராக்ட் தொழிலாளியின் சைக்கிள் வெளியே நிற்பதற்குக் காரணம் அவன் உழைக்காதது அல்ல. அவன் பெயர் எந்த ரிஜிஸ்தரில் இருக்கிறது என்பதுதான் காரணம். ஒரு வண்டி நிறுத்த ஆறடி இடத்தைப் பங்கு போடும்போதுதான், யாரைத் தன்னவனாக நினைக்கிறது, யாரை அந்நியனாக நினைக்கிறது என்பதை நிர்வாகம் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இன்று நீலகிரி முழுவதும் ஒரு பெரிய ஆலை வாசல் ஆகியிருக்கிறது. இடம் கொஞ்சம். கேட்பவர்கள் அதிகம். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் தகரப் பலகையா, மனிதனின் உழைப்பும் தேவையுமா என்பதுதான் நம் முன் உள்ள பிரச்னை.

கட்டுப்பாடே வேண்டாம் என்பவர்களுக்கு

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கட்டுப்பாடே கூடாது, இ-பாஸை ஒழி" என்கிறது ஒரு கட்சி. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி நீலகிரி வியாபாரிகள் சங்கங்கள் இந்தக் கோரிக்கையை முன்வைத்துக் கடையடைப்பே நடத்தின. சிறு கடைக்காரரின் கவலை நமக்குப் புரியாதது அல்ல. சீசன் மூன்று மாதத்தில் சம்பாதித்துத்தான் மழைக்காலத்தைத் தள்ள வேண்டும். வர்க்கி விற்பவர், வறுத்த கடலை விற்பவர், குதிரைக்காரர், போட்டோ எடுப்பவர், ஹோட்டலில் தட்டு கழுவுபவர் எல்லோருக்கும் அதே கதிதான்.

ஆனால் மலையைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் சர்க்கார் நீதிமன்றத்தில் வைத்த கணக்கின்படி, சீசனில் ஒரு நாளைக்கு நீலகிரிக்குள் வந்த வண்டிகள் 20,011. கார்கள் 11,509. இரு சக்கர வண்டிகள் 6,524. வேன்கள் 1,341. பஸ்கள் 637. இவ்வளவும் இரண்டு மூன்று மலைப் பாதைகளில் ஏற வேண்டும், இறங்க வேண்டும். ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் எங்கேயாவது ஒதுங்கி நிற்கவும் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் சாலையில் ஒரு வளைவில் ஒரு வண்டி நின்றுவிட்டால், பின்னால் வரும் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் தேயிலை லாரியும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இத்தனை வண்டி வந்தால் நிறுத்த இடம் வேண்டும். இடம் வேண்டுமானால் சரிவை வெட்ட வேண்டும். சாலையை அகலமாக்க மண்ணைத் தோண்ட வேண்டும். வருகிறவர்கள் தங்க விடுதி கட்ட வேண்டும். மலை இதையெல்லாம் பொறுத்துக்கொண்டே இருக்காது. 2009 நவம்பரில் பெருமழையில் நீலகிரி சரிந்தது; 40 பேருக்கு மேல் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலை 30ஆம் தேதி விடியுமுன் நம் மலைக்கு அடுத்த வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயின. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். அங்கே தூக்கத்தில் புதைந்தவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனை! மலை சரியும்போது வாரக் கடைசிக்கு வந்த சீமான் சமவெளியில் தன் வீட்டில் இருப்பார். லைன் வீட்டில் இருப்பவன் எங்கே போவான்?

ஆகவே கட்டுப்பாடு வேண்டும். இதில் நமக்கு இரு கருத்து கிடையாது. எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிய நீதிமன்றத்தின் நோக்கம் சரியான நோக்கம். நம் சண்டை வரம்போடு அல்ல. அந்த வரம்புக்குள் யாருக்கு இடம் என்று பிரிக்கும் அளவுகோலோடுதான் சண்டை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சர்க்கார் கொடுத்த அதே கணக்கை எடுத்துக்கொள்வோம். 11,509 கார்கள்; 637 பஸ்கள். ஒரு பஸ்ஸுக்குப் பதினெட்டுக் கார்கள் என்று ஆகிறது. ஒவ்வொரு காரிலும் நான்கு பேர் நிறைந்து வந்ததாகவே வைத்துக்கொள்வோம். 46,036 பேர். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஐம்பது பேர் வந்ததாக வைத்துக்கொள்வோம். 31,850 பேர். வண்டியில் பதினெட்டு மடங்கு. ஆளில் ஒன்றரை மடங்குகூட இல்லை! சாலையைப் பிடித்துக்கொள்வது யார் என்று இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

இன்னொரு கணக்கு. வரம்பு வந்த பிறகு ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள். எல்லாம் கார்கள், காருக்கு நான்கு பேர் என்றால் 24,000 பேர். இதே 24,000 பேரை ஏற்றி வர எத்தனை பஸ் வேண்டும்? 480 பஸ். ஆறாயிரம் வண்டி நிற்க வேண்டிய இடத்துக்கு நானூற்று எண்பது வண்டி நின்றால் போதும். மிச்ச இடத்தில் சந்தைக்கு வரும் உருளைக்கிழங்கு லாரி நிற்கலாம். சுமை தூக்குகிறவர் மூட்டையை இறக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயமின்றி நடக்கலாம்.

பஸ்ஸில் வருகிறவர்கள் வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று சொல்லும் வியாபாரிக்கும் இதில் பதில் இருக்கிறது. காரில் வருகிறவர் நேரே உல்லாச விடுதியின் கேட்டுக்குள் நுழைகிறார். சாப்பாடும் தேநீரும் அங்கேயே. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் பஸ் ஸ்டாண்டு முன்னாலுள்ள கடையில் டீ குடிக்கிறார், வர்க்கி வாங்குகிறார், ஆட்டோ பிடிக்கிறார். சிறு கடைக்காரருக்கு எந்த விருந்தாளி லாபம் என்பதை அவரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் இந்த விதி கணக்கிடுவது ஆளை அல்ல, வண்டியை. ஒருவர் மட்டும் உட்கார்ந்து வரும் பெரிய காரும் ஒரு வண்டி. பதினான்கு பேர் நெருக்கியடித்து வரும் வாடகை வேனும் ஒரு வண்டி. இரண்டுக்கும் ஒவ்வொரு சீட்டு. இதுதான் முதல் அநியாயம்.

பலகைக்கு என்ன தெரியும்?

இரண்டாவது அநியாயம் பலகையில் இருக்கிறது. டி.என். 43 என்ற எழுத்து நமக்கு என்ன சொல்கிறது? வண்டி எந்த அலுவலகத்தில் பதிவானது என்று சொல்கிறது. உள்ளே இருப்பவன் எங்கே பிறந்தான், எங்கே உழைக்கிறான், யாரைப் பார்க்க வருகிறான், எதற்காக வருகிறான் என்று அது சொல்லாது.

குன்னூரில் ஒரு பெரிய மனிதர் பங்களா வாங்கிப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் பதினைந்து நாள் வருவார். மற்ற நாளில் வாட்ச்மேனும் நாயும்தான் குடியிருப்பு. அந்த விலாசத்தைக் காட்டி அவர் ஒரு காரை ஊட்டியில் பதிவு செய்து வைத்தால் அது உள்ளூர் வண்டி. எந்த வரம்பும் அதைத் தொடாது.

இன்னொரு பக்கம் கொலக்கம்பையிலோ பந்தலூரிலோ ஒரு தோட்டத் தொழிலாளியின் மகன். லைன் வீட்டில் பிறந்தவன். தோட்டக் கூலியில் குடும்பம் தேறாது என்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அவனைப் போல் எத்தனை பேர்! இன்று கொழுந்து பறிக்க ஆள் இல்லை என்று தோட்ட முதலாளிகள் ஜார்க்கண்டிலிருந்து ஆள் கொண்டு வருவது எதனால்? நம் பிள்ளைகள் இறங்கிப் போனதால். அந்தப் பிள்ளை தங்கையின் கல்யாணத்துக்குத் திருப்பூரில் ஒரு வேனை வாடகைக்குப் பிடித்து உறவுக்காரர்களை ஏற்றி வருகிறான். பலகையில் டி.என். 39. அவன் உல்லாசப் பிரயாணியாம்! சீட்டுக் கேட்கிறார்கள். அன்றைய வரம்பு முடிந்துவிட்டால், தொட்டபெட்டா பார்க்க வந்தவனோடு சேர்ந்து அவனும் அடிவாரத்தில் நிற்க வேண்டும். தாலி கட்டும் நேரம் சோதனைச் சாவடிக்குத் தெரியுமா?

வெளி ஜில்லா நம்பர் வண்டி வைத்திருக்கும் நீலகிரிவாசிகள் தக்க சான்றுகளோடு போக்குவரத்து அலுவலகத்தில் உள்ளூர்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று 2024இல் அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாருக்கு நல்லது? ஊட்டிக்குப் போய் வர ஒரு நாள். ஒரு நாள் என்றால் ஒரு நாள் கூலி. சான்று கேட்டால் வீட்டு வரி ரசீதைக் காட்ட முடியுமா? லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பட்டா காட்ட முடியுமா? நூறு ஆண்டாக நாம் நட்ட செடிக்கு அடியிலுள்ள மண்ணில் ஒரு முழம்கூட நம் பெயரில் இல்லை. திருப்பூர்ப் பிள்ளையின் அடையாள அட்டையில் திருப்பூர் விலாசம் ஏறியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

இன்னும் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். முப்பத்தைந்து ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வு பெறுகிறாள் ஓர் அம்மா. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் அது வேலையோடு ஒட்டிய வீடு. வேலை நின்றால் வீட்டைக் காலி செய் என்கிறது நிர்வாகம். மஸ்டரில் பெயர் இருக்கும் வரை உள்ளூர்க்காரி. பெயர் அடித்த மறுநாள் எந்த ஊர்க்காரி? பதில் சொல்லட்டும், உள்ளூர், வெளியூர் என்று கோடு போடுகிறவர்கள்!

காகிதம் கேட்டவர்களை நாம் அறிவோம்

வண்டிச் சீட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று யாராவது கேட்கலாம். நீலகிரித் தோட்டத் தொழிலாளி கேட்கமாட்டான். 'நீ இந்த ஊர்க்காரன் என்று காகிதத்தில் காட்டு' என்ற கேள்விக்கு அவன் குடும்பம் கொடுத்த விலை அவனுக்குத் தெரியும்.

1948இல் சுதந்திர இலங்கை குடியுரிமைச் சட்டம் ஒன்று செய்தது. பரம்பரையைக் காகிதத்தில் நிரூபித்தால்தான் குடிமகன். கண்டிச் சீமையின் காட்டை வெட்டித் தேயிலை நட்டவனின் மகன், லயத்தில் பிறந்தவன், தகப்பனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவான்? பல லட்சம் தோட்டத் தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்! மனிதர்களை மூட்டைகள் போல் எண்ணிப் பங்கு போட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1976இல் அது 'டான்டீ' என்ற கார்ப்பரேஷன் ஆயிற்று. அங்கே 'நீ இந்தியாக்காரன்' என்று அனுப்பப்பட்டவன் இங்கே 'சிலோன்காரன்' என்று பெயர் வாங்கினான். இரண்டு நாட்டிலும் தேயிலை நட்டவன். இரண்டு நாட்டிலும் வெளியூர்க்காரன்!

குடியுரிமையும் வண்டிச் சீட்டும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அது வாழ்வு; இது வழி. ஆனால் இரண்டிலும் ஒரே தவறு இருக்கிறது. மனிதனைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்ப்பது. உழைப்பைக் கேட்காமல் ரிஜிஸ்தரைக் கேட்பது. காகிதத்தை வைத்து உரிமையைத் தீர்மானித்தால், காகிதம் சம்பாதிக்க வசதியுள்ளவன் பக்கமே தீர்ப்பு சாயும். இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டோம்.

மாதேரான் சொல்லும் பாடம்

சரி, காரையே நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கும் நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பம்பாய்க்கு அருகே மாதேரான் என்ற சிறு மலை. அங்கே ஊருக்குள் மோட்டார் நுழையத் தடை. ஊர் வாசலில் காரை நிறுத்திவிட வேண்டும். 1907 முதல் நேரல் என்ற ஊரிலிருந்து சிறு ரயில் ஏறுகிறது. புகை இல்லை, இரைச்சல் இல்லை. கேட்கும்போது இனிக்கிறது.

ஆனால் காரை விட்டு இறங்கிய கனவான்கள் எப்படிப் போனார்கள்? குதிரையில் போனார்கள். குதிரை பிடிக்காதவர்கள் கைரிக்ஷாவில் போனார்கள். மனிதன் உட்கார, மனிதன் இழுத்தான்! செம்மண் மேட்டில், சீசன் முழுவதும். 2025 ஆகஸ்ட் 6ஆம் தேதிதான் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, ஆறு மாதத்துக்குள் இந்தக் கைரிக்ஷாவை ஒழிக்க வேண்டும், இழுத்தவர்களுக்கே மின்சார ரிக்ஷா கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நாடு சுதந்திரம் அடைந்து எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆன பிறகு!

நம் நீலகிரிக்கு இது புதுக் கதை அல்ல. சமவெளியில் வெயில் ஏறினால் சென்னை ராஜதானியின் சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிய காலம் ஒன்று இருந்தது. ரயில் 1899இல்தான் குன்னூரை எட்டியது. 1908இல்தான் ஊட்டி வந்தது. அதற்கு முன் துரைமார்கள் மலையேறப் பல்லக்கும் மஞ்சலும் இருந்தன. தூக்கியது யார்? கூலி. பாதை வெட்டியது யார்? கூலி. அன்று மோட்டார் நெரிசல் கிடையாது, காற்று சுத்தம். அதனால் கூலிக்கு என்ன சுகம்?

மாதேரான் சொல்லும் பாடம் இதுதான். வண்டியைக் குறைப்பது பாதி வேலை. குறைத்த வண்டிக்குப் பதிலாக ஜனங்கள் எதில் போவார்கள், யார் தலையில் அந்தச் சுமை விழும் என்று பார்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியை விட்டுவிட்டால் மலை பணக்காரனின் பூந்தோட்டமாகும். நாம் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஆவோம்.

பஸ் எங்கே?

தோட்டத் தொழிலாளி கார் கேட்கவில்லை. அவன் கேட்பது பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் தொடங்கியது. 2024இல் நீலகிரி போன்ற மலைப் பகுதிகளுக்கும் நீட்டினார்கள். வரவேற்கிறோம். ஆனால் பஸ் வந்தால்தானே அம்மா, இலவசம்! சீசனில் ஊட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் பஸ் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. காலையில் மஸ்டருக்குப் போக வேண்டியவள் வழியில் நிற்கிறாள். தாமதமாய்ப் போனால் அரைநாள் வெட்டு என்று பயம். சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டவள் யானை நடமாடும் வழியில் நடந்து வருகிறாள். இந்தத் தாமதத்துக்கு யார் கூலி கொடுப்பது?

வண்டி வரம்பினால் சாலையில் இடம் மிச்சமாகுமே, அந்த இடம் யாருக்குப் போக வேண்டும்? நம் பதில்: பஸ்ஸுக்கு. பஸ்ஸைப் பெருக்காமல் சீட்டை மட்டும் கொடுத்தால், மிச்சமாகும் இடம் சீட்டு முந்திக்கொண்ட சீமானுக்கு வேகமாகப் போகத்தான் பயன்படும்.

வலையில் விழாதீர்கள்!

இங்கே ஓர் எச்சரிக்கை. "நாம் 43, நமக்குச் சீட்டு வேண்டாம், வெளியூரான்தான் கெடுக்கிறான்" என்று மலையில் சிலர் பெருமை பேசுகிறார்கள். கேட்க நன்றாயிருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். திருப்பூரில் பனியன் தைக்கும் உன் பிள்ளை வெளியூரான். கோவை மில்லில் நூல் சுற்றும் உன் மைத்துனன் வெளியூரான். உன் பக்கத்து லைனில் குடியிருந்து உன்னோடு கொழுந்து பறிக்கும் ஜார்க்கண்ட் பெண் வெளியூரான். காணாத பங்களாக்காரன் மட்டும் உள்ளூரானா? இந்தக் கோடு யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது என்று புரிகிறதா?

படுகர் வீட்டுச் சிறு தேயிலை விவசாயிக்குப் பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்காததற்குக் காரணம் திருப்பூர் வேன் அல்ல. தோட்டக் கூலி உயராததற்குக் காரணம் கோவைக்காரன் அல்ல. குடும்பத்தோடு ஒரு நாள் மலையைப் பார்த்துவிட்டுப் போக ஆசைப்படும் மில் தொழிலாளி நம் விருந்தாளி. நம் எதிரி அல்ல. தறியோரம் வெந்தவனுக்கும் ஒரு நாள் குளிர்ந்த காற்று வேண்டாமா? அவன் பஸ்ஸில் வர வழி செய்யச் சொல்லி நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள்

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒன்று. வண்டியை எண்ணாதே, ஆளை எண்ணு. பஸ்ஸுக்கு முதலிடம், நிறைய ஆள் ஏற்றும் வேனுக்கு அடுத்த இடம், தனி ஆள் வரும் காருக்குக் கடைசி இடம்.

இரண்டு. மேட்டுப்பாளையத்திலும் மலையின் மற்ற அடிவாரங்களிலும் கார்களை நிறுத்த இடம் ஏற்பாடு செய். அங்கிருந்து சர்க்கார் பஸ் விடு. மஸ்டர் நேரத்துக்கும் வேலை விடும் நேரத்துக்கும் தோட்டங்களுக்குத் தனி பஸ் விடு.

மூன்று. உள்ளூர்க்காரர் யார் என்பதை நம்பர் பலகை தீர்மானிக்கக் கூடாது. இங்கே உழைக்கிறவர், உழைத்து ஓய்வு பெற்றவர், பிழைக்கப் போன அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் உள்ளூர்க்காரரே. கல்யாணம், சாவு, திருவிழாவுக்கு வரும் அவர்கள் வண்டிக்கு வரம்பு கூடாது.

நான்கு. சான்று கேட்பதானால் அதிகாரி தோட்டத்துக்கு வரட்டும். சம்பள நாளில் தோட்டத்திலேயே முகாம் போட்டு, ரேஷன் கார்டையும் சம்பளச் சீட்டையும் பார்த்துச் சீட்டுக் கொடுக்கட்டும். ஒரு நாள் கூலியைப் பறித்துக் கொடுக்கும் சீட்டு இலவசச் சீட்டு அல்ல.

ஐந்து. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மார்க்கெட்டுகளில் வண்டி நிறுத்தும் இடத்தில் சரக்கு வண்டிக்கும் ஆட்டோவுக்கும் முதல் உரிமை. தன் விருந்தாளியின் காரை நிறுத்தத் தன்னிடம் இடமில்லாத விடுதி, பொதுச் சாலையைத் தன் ஷெட்டாக்கிக்கொள்ளக் கூடாது.

ஆறு. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராய சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் பணி ஒப்படைக்கப்பட்டது. ஆராயட்டும். ஆனால் மலையைச் சுமக்கிறவனிடமும் கேட்கட்டும். யாருக்கு இடம் என்று முடிவு செய்யும் மேஜையில் தோட்டத் தொழிலாளிக்கும் பஸ் தொழிலாளிக்கும் சுமைத் தொழிலாளிக்கும் நாற்காலி வேண்டும்.

தோழர்களே! இந்தக் கோரிக்கைகளை எடுத்துக்கொண்டு லைன் லைனாகப் போங்கள். பஸ் ஸ்டாண்டில் பேசுங்கள். கோவையிலும் திருப்பூரிலும் ஆலை வாசல்களில் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கி கலெக்டரிடம் கொடுங்கள். வரம்பை எதிர்க்கும் பண மூட்டைகளோடு நாம் சேர மாட்டோம். வரம்பைத் தங்கள் வேலியாக்கிக்கொள்ள நினைக்கும் பங்களாக்காரர்களோடும் சேர மாட்டோம். இந்தப் பாதையை வெட்டியவர்கள் நம் பாட்டன்மார்கள். அந்தப் பாதையில் யாருக்கு இடம் என்று சொல்லும் உரிமை தகரப் பலகைக்கு அல்ல, நமக்கு உண்டு!